"மரபுப் பாடல்" என்று அச்சிடாதீர்கள்: ஹேசல் டிக்கன்ஸைப் பாடுவோருக்கு ஒரு திறந்த மடல்

புளூகிராஸ் விழாக்களை நடத்துகிறவர்களுக்கும், அந்த மேடைகளில் ஏறும் குழுக்களுக்கும், இசை முகாம்களில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மேடைகளில், மேற்கு வர்ஜீனியாவின் பாடகியும் பாடலாசிரியருமான ஹேசல் டிக்கன்ஸின் பாடல்கள் ஒலிக்கின்றன. அதற்கு நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும். "பிளாக் லங்" பாடலை ஒருவர் வாத்தியம் இல்லாமல் எடுத்தால் கூடாரத்தில் பேச்சு அடங்கிவிடுகிறது. "வெஸ்ட் வர்ஜீனியா, மை ஹோம்" வந்தால் கூட்டமே சேர்ந்து பாடுகிறது. ஆனால் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால் அதே பாடலுக்கு நேரே "மரபுப் பாடல்" என்று அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் எழுதியவர் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். மேடையில் நேரம் போதவில்லை என்று ஒரு சரணம் விழுந்திருக்கும். ஒப்பாரியின் கனம் கொண்ட பாட்டு, துள்ளல் நடைக்கு மாறியிருக்கும்.

இந்தப் பாடல்கள் யார் எழுதியது என்று தெரியாமல் மலையிலிருந்து இறங்கி வந்தவை அல்ல. ஒரு பெண், தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, குறிப்பிட்ட ஒரு சாவுக்காக, குறிப்பிட்ட ஒரு சுரங்கத்துக்காக, மதுக்கடையில் தன் கண்முன் நடந்த ஒரு அவமதிப்புக்காக எழுதியவை. அவற்றைப் பாடும் முறையும் அந்தக் காரணங்களோடு பிணைந்தது. அதனால் கோரிக்கையை மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஒத்திகையில் கைக்கு உதவும் விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறோம்.

தமிழில் படிக்கும் புதியவர்களுக்காக இரண்டு வரி. புளூகிராஸ் என்பது 1940களில் பில் மன்றோவின் குழுவிடம் உருப்பெற்ற அமெரிக்க மலைநாட்டு இசை. ஐந்து தந்தி பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிடார், நின்று வாசிக்கும் பேஸ். தாளத்துக்கு முரசு கிடையாது. மேலே கூர்மையாக எழும் துணைக்குரல் அதன் அடையாளம். முதல் இருபது ஆண்டுகளுக்கு அது பெரும்பாலும் ஆண்களின் மேடையாகவே இருந்தது.

ஹேசல் பிறந்தது மேற்கு வர்ஜீனியாவில், மெர்சர் கவுண்டியின் மாண்ட்கால்ம் என்ற ஊரில். பதினொரு பிள்ளைகளில் எட்டாவது. தந்தை பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையின் போதகர். சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிப் பிழைத்தவர். வீட்டில் பாஞ்சோ வாசிப்பவர். சபையிலோ வாத்தியம் கிடையாது. குரல் மட்டும்தான். அந்தப் பாட்டில் அலங்காரம் வேண்டுமென்றால் தொண்டையிலேயே செய்துகொள்ள வேண்டும்: சுரத்துக்குக் கீழிருந்து தொட்டு ஏறுவது, அடி முடிகிற இடத்தில் குரலைச் சட்டென்று மேலே தூக்கி வெட்டுவது, ஒரே அசையை இரண்டு மூன்று சுரங்களில் வளைப்பது. ஹேசலின் பாட்டு முழுவதும் இதுதான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு அவரிடமிருந்து மெட்டை மட்டும் எடுக்க முடியாது.

1950களின் தொடக்கத்தில், வேலை தேடிப் புறப்பட்ட மலைநாட்டுக் குடும்பங்களோடு அவரும் பால்டிமோருக்குப் போனார். தொழிற்சாலைகளில் வேலை. சகோதரர் ராபர்ட் காசநோய்க்காக மவுண்ட் வில்சன் மருத்துவமனையில் இருந்தார். போருக்குப் போக மனசாட்சி இடம்தராது என்று மறுத்து, அதற்கு மாற்றாக அதே மருத்துவமனையில் வேலை பார்த்த மைக் சீகர், ராபர்ட் மூலமாக ஹேசலின் குடும்பத்தை அறிந்தார். நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த சீகருக்கு, அந்தப் பாடல்களோடு வளர்ந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தார்கள். அந்த வட்டத்தில்தான் ஆலிஸ் ஜெரார்டும் வந்து சேர்ந்தார். அவர் மேற்குக் கடற்கரைக்காரர், கல்லூரியில் படித்தவர். சுரங்க ஊரின் பெண்ணும் அவரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள்.

அவர்களின் முதல் இசைத்தட்டு "ஹூஸ் தட் நாக்கிங்" 1965இல் வெளியானது. பாஞ்சோவுக்கு லமார் கிரியர், மாண்டலினுக்கு டேவிட் கிரிஸ்மன், ஃபிடிலுக்குச் சப்பி வைஸ். பெண்கள் தலைமையேற்று, முழு புளூகிராஸ் குழுவோடு வெளிவந்த முதல் சில தட்டுகளில் ஒன்று அது. அந்தக் காலப் பதிவுகளை ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் பின்னாளில் "பயனியரிங் விமன் ஆஃப் புளூகிராஸ்" என்ற பெயரில் ஒரே தட்டாகத் தந்தது. ஒத்திகைக்கு முன் குழு முழுவதும் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும், ஒருமுறையல்ல, பலமுறை.

கேட்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு குரல்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. பல பாடல்களில் ஆலிஸ் முதற்குரல்; ஹேசல் அதற்கு மேலே எழும் துணைக்குரலான டெனர். இன்று பாடும் இரட்டையர் பலர் டெனரை முதற்குரலுக்கு ஒரு மூன்றாம் சுரம் மேலே ஒட்டவைத்து, அது போகும் வழியெல்லாம் கூடவே அழைத்துப்போகிறார்கள். இனிமையாக இருக்கும், ஹேசலாக இருக்காது. அவருடைய டெனர் இணைந்து நடக்காது. கீழே முதற்குரல் இரண்டு மூன்று சுரம் நகர்ந்தாலும், மேலே அவர் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பார். கார்டு, அதாவது பின்னணியில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மாறும்போதுதான் இறங்குவார் அல்லது ஏறுவார். அதனால் இடைவெளி சில நொடி நான்காகவும் ஐந்தாகவும் விரிகிறது. காதைக் கிள்ளும் அந்த உரசல் அங்கேதான் பிறக்கிறது. பழக ஒரு வழி: கார்டின் மூன்று சுரங்களையும் எழுதிக்கொண்டு, முதற்குரல் எடுத்த சுரத்துக்கு அடுத்த மேல்சுரத்தை டெனர் பிடிக்கட்டும். கார்டு மாறும்வரை அதை விடக்கூடாது. முதல் ஒரு வாரம் மொட்டையாகத் தோன்றும். பிறகு வளைவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குரலில் நடுக்கம் வேண்டாம். தலைக்குரலுக்கு மாறவும் வேண்டாம். நெஞ்சுக்குரலிலேயே மேலே போக வேண்டும். இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் இடறுகின்றன, காரணம் சுருதித் தேர்வு. பாஞ்சோக்காரருக்கு வசதி என்று பாட்டை ஜியிலோ ஏயிலோ வைத்துவிடுகிறார்கள். முதற்குரல் நடு சிக்கு மேலுள்ள ஏவைத் தொட்டால், டெனர் அதற்கும் மேலே சி ஷார்ப்பையோ டியையோ முழு நெஞ்சுக்குரலில் தாங்க வேண்டும். முடியாதபோது பாடகி தலைக்குரலுக்குத் தாவுகிறார், பாட்டு மெலிந்துவிடுகிறது. சரியான வழி, டெனர் பாடுகிறவரின் உச்சச் சுரத்தை முதலில் கண்டு, அங்கிருந்து கீழ்நோக்கிச் சுருதியைத் தீர்மானிப்பது. அது ஈ என்றோ எஃப் என்றோ வந்து நிற்கலாம். வாத்தியம் குரலுக்கு வளையட்டும்.

வளைவது கடினமும் இல்லை. பாஞ்சோ வழக்கமான திறந்த ஜியில் இருக்கட்டும். ஈ வேண்டுமென்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி டி வடிவத்தில் வாசியுங்கள். ஐந்தாவது தந்தியை ஒன்பதாம் ஃப்ரெட்டில் உள்ள சிறு ஆணிக்கடியில் செருகினால் பி கிடைக்கும். எஃப் என்றால் மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ, அதே டி வடிவம், ஐந்தாவது தந்தி ஏழாம் ஃப்ரெட்டில் ஏ. ஆணி அடிக்காத பாஞ்சோவில் ஐந்தாவது தந்தியை முறுக்கியே ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு முழுச்சுரம் ஏற்றினால் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் போனால் மேடையிலேயே அறுந்துவிடும். அந்தத் தந்திக்கென்று விற்கும் நகரும் கேப்போ ஒன்று வாங்கிவிடலாம். கிடாருக்கு ஈ என்றால் நான்காம் ஃப்ரெட்டில் கேப்போவும் சி வடிவமும், எஃப் என்றால் ஐந்தாம் ஃப்ரெட்டும் அதே வடிவமும். கீழ்த்தந்திகளில் வரும் பேஸ் ஓட்டங்கள் சிக்கலாகாமல் இருக்க சி வடிவமே நல்லது. மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் கேப்போ இல்லை. அவர்களுக்குப் பயிற்சி நேரம் கொடுங்கள்.

இனி நிலக்கரிப் பாடல்கள். இவற்றில்தான் அதிகப் பிழை நடக்கிறது.

1968 நவம்பர் 20 விடியற்காலை, மேற்கு வர்ஜீனியாவின் மேரியன் கவுண்டியில் ஃபார்மிங்டன் அருகே இருந்த கன்சால் நிறுவனத்தின் 9ஆம் எண் சுரங்கம் வெடித்தது. உள்ளே 99 பேர். 21 பேர் வெளியே வந்தார்கள். 78 பேர் மாண்டார்கள். தீ அடங்காததால் பத்து நாளில் சுரங்கத்தின் வாய்களை அடைத்தார்கள். பிறகு திறந்து தேடியும் 19 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. ஹேசலின் "மேனிங்டன் மைன் டிசாஸ்டர்" இந்த வெடிப்பைப் பற்றியது. சுரங்கம் ஃபார்மிங்டனுக்கும் மேனிங்டனுக்கும் நடுவில் இருந்ததால் இரண்டு பெயரும் வழங்குகின்றன. அறிமுகம் செய்கிறவர்கள் இவற்றை இரண்டு விபத்துகளாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே விபத்துதான். பாட்டு வெடிப்பை வருணித்து நிற்பதில்லை. சுரங்கம் இப்போது பாதுகாப்பானது, உன் பிள்ளையையும் அனுப்பு என்று சொல்லும் செய்தித்தாளையும் வானொலியையும் அது எதிர்த்துப் பேசுகிறது. இரக்கத்தோடு மட்டும் பாடினால் பாதிதான் வரும். கோபமும் வேண்டும்.

அந்த வெடிப்புக்குப் பிறகு நடந்ததையும் பாடுகிறவர் அறிந்திருக்க வேண்டும். 1969 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சுமார் 40,000 சுரங்கத் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைமையின் அனுமதிக்குக் காத்திராமல், வேலையை நிறுத்தினார்கள். நிலக்கரித் தூசால் வரும் கரும்நுரையீரல் நோய்க்கு இழப்பீடு தரும் மாநிலச் சட்டம் வரும்வரை திரும்பவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று நிக்சன் கையெழுத்திட்ட கூட்டரசுச் சட்டம், சுரங்கக் காற்றில் தூசுக்கு முதன்முதலாக நாடு முழுவதற்கும் ஒரு வரம்பு வைத்தது: முதலில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராம், பிறகு 2. அதற்கு மறுநாள், சங்கத் தலைவர் டோனி பாயிலை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஜாக் யப்லான்ஸ்கி, மனைவியோடும் மகளோடும் தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையை ஏவியதாகப் பாயில் பின்னர் தண்டிக்கப்பட்டார். ஹேசலின் "கோல்ட் பிளடட் மர்டர்" அதைப் பற்றியது. தொழிற்சங்கத்தின் பக்கம் உறுதியாக நின்றவர், சங்கத் தலைமையின் குற்றத்தையும் பாட்டில் எழுதினார். அந்த நேர்மைக்காகவே இந்தப் பாட்டை இன்னும் அதிகமாகப் பாட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

"பிளாக் லங்" அவருடைய சகோதரர் தர்மனுக்காக எழுதியது. அவர் சுரங்கத்தில் வேலைசெய்து, நுரையீரல் கறுத்து, ஏழ்மையில் இறந்தார். பாட்டு நோயை ஒரு ஆளைப் போல நேருக்கு நேர் விளித்துப் பேசுகிறது. 1973இல் ரவுண்டர் நிறுவனம் வெளியிட்ட "கம் ஆல் யூ கோல் மைனர்ஸ்" தட்டில் அவர் அதைப் பாடியிருப்பதைக் கேளுங்கள்: வாத்தியம் இல்லை, சீரான தாளமும் இல்லை, மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடி முடிகிறது.

இதைப் பாடும்போது நேரும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, வெறுமையாக இருக்கிறதே என்று பின்னால் ஃபிடிலில் ஒரு நீண்ட ஆதாரச் சுருதி வைப்பது. வைத்தவுடன் பாடகியின் வளைவுகள் அந்தச் சுருதிக்குக் கட்டுப்பட்டுவிடுகின்றன. கீழிருந்து தொட்டு ஏறும் சுரங்கள் பிசகாகக் கேட்கின்றன. வேண்டாம். அப்படியானால் சுருதி இறங்கிவிடாதா என்பீர்கள். இறங்கும். துணையின்றிப் பாடினால் முடிவதற்குள் அரைச்சுரம், சில நேரம் ஒரு முழுச்சுரம்கூட இறங்கும். அடிகளின் கடைசியில் மூச்சின் தாங்கல் குறைவதுதான் காரணம். எடுக்கும்முன் சுருதிக்குழலில் ஒரு சுரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகையில் பாடி முடித்ததும் அதே சுரத்தை ஊதி ஒப்பிட்டு, எந்தச் சரணத்தில் இறங்கினீர்கள் என்று கண்டுபிடியுங்கள். மேடையில் சற்றே இறங்கினாலும் கேட்கிறவர்களுக்கு உறுத்தாது. ஆனால் பாட்டு முடிந்த கையோடு பாஞ்சோ நுழைந்தால் அந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். பத்து நொடி அமைதி விடுங்கள். அந்த அமைதி பாட்டுக்கும் தேவை.

இரண்டாவது, ஒலிப்பதிவாளர். இப்படிப்பட்ட குரலைக் கேட்டதும் கூர்மை அதிகம் என்று 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் குறைத்து, எதிரொலியைக் கூட்டிவிடுவார். அந்தக் கூர்மையில்தான் சொற்கள் கேட்கின்றன. முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எதிரொலி வேண்டாம், நடுப்பகுதியில் கைவைக்க வேண்டாம், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டலாம். பாடகி மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். ஒட்டி நின்றால் அடித்தொண்டை வீங்கிக் கேட்கும். கூடவே மூச்சு எடுக்கும் ஓசை வெடிக்கும். தள்ளி நின்றால் அந்த மூச்சொலி மெல்லக் கேட்கும். அதை மறைக்காதீர்கள். மூச்சுத்திணறிச் செத்தவனைப் பற்றிய பாட்டில் மூச்சு கேட்க வேண்டும்.

மூன்றாவது, மிகப் பெரியது: சரணத்தை வெட்டுவது. நோயாளி முதலாளியிடம் போய்க் கதவு சாத்தப்படும் இடமும், இறுதியில் அதே முதலாளி பூக்களோடு கல்லறைக்கு வந்து நிற்க, அந்தப் பூக்களைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லும் இடமும் ஒன்றுக்கொன்று விடை. நான்கு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்று இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நோயைப் பற்றிய ஒரு சோகப்பாட்டு மட்டுமே. யார் பொறுப்பு என்ற கேள்வி காணாமல் போய்விடும். நேரம் இல்லையென்றால் அந்தப் பாட்டையே இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

நான்காவது, முன்னுரை. "அந்தக் காலத்தில் சுரங்கத்தில் இப்படி ஒரு நோய் இருந்தது" என்று தொடங்குகிறவர்கள் உண்டு. நோய் போகவில்லை. வர்ஜீனியாவின் மூன்று கிளினிக்குகளில் மட்டும் 2013க்கும் 2017க்கும் இடையில், நுரையீரலில் பெரிய தழும்புக் கட்டிகள் விழும் முற்றிய நிலையில் 416 பேரைக் கண்டறிந்தார்கள். மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்த சுரங்கத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோயின் அடையாளம் இருப்பதாக 2018இல் வெளியான கூட்டரசு ஆய்வு சொன்னது. காரணமும் தெரிந்ததே. தடித்த நிலக்கரிப் படிவுகள் தீர்ந்துவிட்டன. மெல்லிய படிவை எடுக்க இயந்திரம் அதன் மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்தே அறுக்கிறது. பாறையிலிருந்து வரும் சிலிக்காத் தூசு நிலக்கரித் தூசைவிடப் பலமடங்கு கொடியது. தூசு வரம்பு 2016இல் 1.5 மில்லிகிராமாகக் குறைந்தது. சிலிக்காவுக்கென்று தனியாக, ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற விதி 2024இல் வந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் 2025 ஏப்ரலிலிருந்து அதைப் பின்பற்றியிருக்க வேண்டும். அந்த மாதமே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, சுரங்கப் பாதுகாப்புத் துறையும் தேதியைத் தள்ளிப்போட்டது. பாடுவதற்கு முன் அன்றைய நிலை என்ன என்று பார்த்துக்கொண்டு, இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். நீண்ட உரை வேண்டாம்; மீதியைப் பாட்டு சொல்லிக்கொள்ளும்.

"தே'ல் நெவர் கீப் அஸ் டவுன்" வேறு வகை. கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் புரூக்சைடு சுரங்க வேலைநிறுத்தத்தைப் படம்பிடித்த பார்பரா காப்பிளின் "ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ." ஆவணப்படத்தில் ஹேசலின் குரல் வருகிறது, படம் ஆஸ்கர் பெற்றது. இதைக் குழுவோடு, வேகமாக, கூட்டத்தையும் சேர்த்துப் பாடலாம். அதற்கென்றே எழுதியது.

பெண்களைப் பற்றிய பாடல்களுக்கு வருவோம். "டோன்ட் புட் ஹர் டவுன், யூ ஹெல்ப்ட் புட் ஹர் தேர்" என்பது 1973இல் வெளிவந்த "ஹேசல் அண்ட் ஆலிஸ்" தட்டில் உள்ளது. நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று தலைப்பின் முதல் பாதியை மட்டும் அச்சிடுகிறார்கள். அவளைத் தாழ்த்தாதே என்பது முதல் பாதி. அவளை அங்கே தள்ளியதில் உனக்கும் பங்கு உண்டு என்பது இரண்டாம் பாதி. பாட்டு முழுவதும் அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. எழுத்தின் அளவைக் குறைத்தாவது தலைப்பை முழுமையாகப் போடுங்கள். "வொர்க்கிங் கேர்ள் புளூஸ்" அடுத்த தட்டில், 1976இல் வந்தது. அதைச் சிரிப்புப் பாட்டாக ஆக்கிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. நகைச்சுவை அதில் உண்டுதான். ஆனால் திங்கட்கிழமைக் காலை எழுந்து கூலிக்குப் போகும் களைப்பு குரலில் இல்லாவிட்டால் அந்த நகைச்சுவைக்கு வேர் இல்லை.

அந்த இரண்டு தட்டுகளையும் கேட்டு வளர்ந்தவர்களின் பட்டியல் நீளமானது. தி ஜட்ஸ் என்ற கன்ட்ரி இசை இரட்டையரான தாயும் மகளும் அவற்றைக் கேட்டுத்தான் சேர்ந்து பாடப் பழகினார்கள். "பிரிட்டி பேர்ட்" பாட்டை லிண்டா ரான்ஸ்டாட்டும் லாரி லூயிஸும் பதிவு செய்தார்கள். லின் மாரிஸ் குழு பாடிய "மாமாஸ் ஹேண்ட்" 1996இல் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருதைப் பெற்றது. ஹேசல் தனியாக வெளியிட்டதில் 1980இன் "ஹார்ட் ஹிட்டிங் சாங்ஸ் ஃபார் ஹார்ட் ஹிட் பீப்பிள்" தட்டிலிருந்து தொடங்குங்கள். "வெஸ்ட் வர்ஜீனியா, மை ஹோம்" அதில்தான் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. அவர் எழுதாதவற்றை அவர் பெயரில் போட்டால் வேறொருவரின் உழைப்பு மறைகிறது. "கிரீன் ரோலிங் ஹில்ஸ் ஆஃப் வெஸ்ட் வர்ஜீனியா" யூட்டா ஃபிலிப்ஸ் எழுதியது. "கஸ்டம் மேட் உமன் புளூஸ்" ஆலிஸ் ஜெரார்டுடையது. ஹார்லன் கவுண்டி படத்தில் வரும் "விச் சைடு ஆர் யூ ஆன்" ஃப்ளாரன்ஸ் ரீஸின் பாட்டு. அவரே படத்தில் பாடுகிறார். ஜான் செயில்ஸின் "மேட்வான்" படத்தில் ஹேசல் பாடிய "ஃபயர் இன் த ஹோல்" படத்துக்காகச் செயில்ஸும் மேசன் டேரிங்கும் எழுதியது.

அடுத்தது பணம். இதைப் பேச யாரும் கூச வேண்டியதில்லை. கூலிக்கு உழைத்தவரின் பாட்டுக்குக் கூலி கொடுக்காமல் உழைப்பைப் பற்றிப் பாடக்கூடாது. மேடையில் பாட உங்களுக்குத் தனி உரிமம் தேவையில்லை. அரங்கமோ விழாவோ பாடலாசிரியர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் பி.எம்.ஐ., ஆஸ்காப் போன்ற சங்கங்களிடம் மொத்த உரிமம் வைத்திருக்க வேண்டும். ஆனால் எந்தப் பாட்டு பாடப்பட்டது என்று அந்தச் சங்கத்துக்குத் தெரியாவிட்டால் தொகை பெரிய பெயர்களுக்கே போகும். உறுப்பினராக உள்ள குழுக்கள் பாடிய பட்டியலைப் பதிவுசெய்யலாம். நிகழ்ச்சி முடிந்த இரவே செய்துவிடுங்கள்.

குறுந்தட்டு போடுகிறவர்கள் இயந்திரப் பதிவு உரிமம் வாங்க வேண்டும். ஏற்கெனவே வெளியான பாட்டை மறுபதிவு செய்ய அமெரிக்கச் சட்டமே அனுமதி தருகிறது. உரிமையாளர் மறுக்க முடியாது. 2025இல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு 12.7 சென்ட். 500 தட்டு அச்சிட்டால் 63 டாலர் 50 சென்ட். ஒரு செட் தந்திகளும் ஒரு வேளைச் சாப்பாடும் சேர்ந்த செலவுதான். ஆனால் இந்த அனுமதி பாட்டின் அடிப்படை மெட்டையோ தன்மையோ மாற்ற இடம் தராது. காணொளியில் பதிவேற்றவும், பாடல்வரிகளை உறையில் அச்சிடவும், வேறு மொழியில் பெயர்த்துப் பாடவும் பதிப்புரிமையாளரிடம் தனியே கேட்க வேண்டும். தமிழில் பாட நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். "மரபுப் பாடல்" என்று அச்சிடுவது வெறும் எழுத்துப்பிழை ஆகாததற்கு இதுவே காரணம்: அந்த இரண்டு சொல்லால் இந்தப் பணம் முழுவதும் நின்றுவிடுகிறது. 1978க்குப் பிறகு அவர் எழுதியவற்றுக்கு உரிமை 2081ஆம் ஆண்டின் கடைசிவரை உண்டு.

விழா அமைப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. அவர் பாடல்களைப் பெண்களுக்கான பட்டறைக் கூடாரத்தில், காலை பதினோரு மணிக்கு வைத்துவிட்டு, முக்கிய மேடையின் இரவு நேரத்தை வழக்கமானவர்களுக்கே கொடுப்பது இன்னும் நடக்கிறது. 2001இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரிய விருது பெற்றவர் அவர். 2017இல் ஆலிஸோடு புளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். பட்டறை நடக்கட்டும். அதோடு இரவு மேடையிலும் ஒரு ஆண் குழு அவருடைய பாட்டைப் பாடட்டும்.

இப்படிக்கு,
ஹேசல் டிக்கன்ஸின் பாடல்களைப் பயில்வோர்

பி.கு.: அடுத்த பதிப்புக்குப் போகும்முன் நிரலில் ஆண்டையும் பார்த்துவிடுங்கள். பழைய குறிப்புகள் பலவற்றில் அவர் பிறந்தது 1935 என்று இருக்கும். அவர் இறந்தபோது வந்த செய்திகளும் வயது 75 என்றே எழுதின. சரியான நாள் 1925 ஜூன் 1.